ஆள் இல்லை என்று எழுதிய வீடு

கல்வி அலுவலகத்தின் காத்திருக்கும் கூடத்தில் பதினொரு நாற்காலிகள் இருந்தன. அவள் மூன்று முறை எண்ணிவிட்டாள். எண்ணி முடித்ததும் மடியிலிருந்த கைக்குட்டையை விரித்து மறுபடி மடித்தாள். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று, ஓரம் உள்ளே போகும்படி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒன்பது வருஷமாகப் படுக்கை விரிப்புகளை இப்படித்தான் மடிக்கிறாள். மனம் பயந்து ஓடும்போது கை தனக்குத் தெரிந்த வேலையைத் தேடிப் போய்விடுகிறது.

பக்கத்தில் அவள் கணவர். பெயின்டர் என்றால்தான் எல்லாருக்கும் அவரைத் தெரியும். காலையில் அரைமணி நேரம் தேய்த்துக் கழுவியும் நகக்கண்களில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "பட்டி பார்த்துச் சுவத்தைச் சமமாக்காமலே பெயின்ட் அடிச்சிருக்கானுங்க. மேல பாரு, எப்படி உரியுது," என்று முணுமுணுத்தார். அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவருக்கும் அதற்குமேல் வேடிக்கை எதுவும் கிடைக்கவில்லை.

கூடத்தின் கோடியில், ஜன்னலோரம், அவர்கள் மகள் மிளகு தன் மாமாவின் மடியில் உட்கார்ந்து, கீழே போகும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள், அவ்வளவு காரமாக அழுதாள் என்று அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மிளகுக்குத் தெருக்கோடிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் ஓர் இடம் வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். ஏற்கனவே கேட்டு, இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இது மேல்முறையீடு. இதற்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் போய்க் கேட்க வாசல் கிடையாது.

பழைய வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டதால், மூன்று மாதத்துக்கு முன் அவர்கள் புது வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் நின்றால் தெருக்கோடிப் பள்ளியின் மணி கேட்கும். மிளகின் நடைக்கு ஆறு நிமிஷம். ஆனால் அந்த மணி அடிக்கும் நேரத்தில், தினமும், மிளகின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் பஸ் நிறுத்தத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு ஒதுக்கப்பட்ட பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சலவைக்கூடத்தில் மூன்று மணிக்கு வேலை முடியும். பள்ளியில் மூன்றரை வரைதான் குழந்தைகளை வைத்துக்கொள்வார்கள். பஸ் சரியாக வந்தால் மூன்று இருபத்தைந்துக்குப் போய்ச் சேரலாம்.

ஒரு நாள் பஸ் சரியாக வரவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் இறங்கி ஓடினாள். பள்ளி வாசல் பூட்டியிருந்தது. உள்ளே முற்றத்தில் யாரும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் திரும்பினாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கத்தில், பஸ் நிறுத்தத்தில், முதலில் சிவப்பு ஷூக்கள்தான் தெரிந்தன. ஒரு லாரி கடந்தது. அது போனதும் மறுபடி ஷூக்கள். இன்னொரு லாரி. ஆறு வரிசை வண்டிகளுக்கு அப்பால் மிளகு தனியாக நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் பஸ் அந்தப் பக்கம்தான் நிற்கும் என்று யோசித்து, தானே சாலையைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

அம்மா கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை. கூப்பிட்டால் குழந்தை ஓடிவந்துவிடும். உள்ளங்கையை உயர்த்தி, நில் என்று காட்டிக்கொண்டே, வண்டிகள் வழி விடும்வரை இந்தக் கரையில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் முழுக்க அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: சாமி, அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், சிரித்தால் ஓடிவருவாள்.

கிட்டே போய் அள்ளிக்கொண்டபோது மிளகு பெருமையாகச் சொன்னாள்: "நான் ரெண்டு பக்கமும் பார்த்தேம்மா."

அன்றிலிருந்து மூன்று மணி அடித்தால், கையில் இருக்கும் விரிப்பைப் பாதி மடிப்பில் போட்டுவிட்டு ஓடுவாள். வேலையை விடவும் முடியாது. பெயின்டருக்கு ஒரு நாள் வேலை ஊரின் ஒரு பக்கம், மறுநாள் வேறொரு பக்கம். இன்று இந்தக் கதவுக்கு உள்ளே இல்லை என்று சொல்லிவிட்டால், நாளை மூன்றரைக்கு அந்தச் சாலை அங்கேயேதான் இருக்கும்.

முதல் விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதம் அவளுக்கு மனப்பாடம். பள்ளியில் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். நேரில் பார்வையிட்டதில், கொடுக்கப்பட்ட முகவரியில் யாரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை. பொய்யான முகவரி கொடுப்பது குற்றம் என்று கடைசியில் ஒரு வரி.

முதல் தடவை படித்தபோது அவள் உட்கார்ந்திருந்தது அந்த முகவரியில்தான்.

தவறு எங்கே நடந்தது என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தார்கள். தவறு என்றும் சொல்ல முடியாது, அது பெயின்டரின் தொழில் பழக்கம். ஒரு வீட்டில் வேலை தொடங்கினால் அவர் முதலில் ஜன்னல் திரைகளைக் கழற்றுவார். சாமான்களையெல்லாம் அறையின் நடுவில் குவித்துப் பழைய விரிப்பால் மூடுவார். கதவில் இருக்கும் நம்பர் தகடு, கைப்பிடி, கொக்கி எல்லாம் திருகாணியோடு ஒரு டப்பாவுக்குள் போகும். பிறகு உப்புத்தாள், பட்டி, பிரைமர், இரண்டு கோட். அடுத்தவர் வீட்டை மூன்று நாளில் முடித்துக்கொடுக்கிற மனிதர், சொந்தக் குடித்தனத்துக்கு வேலை இல்லாத நேரம் பார்த்து அடித்ததில் மூன்று வாரம் இழுத்துவிட்டது. அந்த மூன்று வாரமும் மூவரும் பின்பக்க அறையில் படுத்து, பெரும்பாலும் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்கள். முன்பக்கம் பார்த்தால் நம்பர் இல்லாத கதவு, திரை இல்லாத ஜன்னல், துணி போர்த்திய குவியல். அந்தச் சமயத்தில்தான் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நிரூபிக்கத் தாள் எதுவும் இல்லை. மின்சாரக் கட்டணம் வீட்டுக்காரர் பெயரில். கடிதங்கள் இன்னும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் வெளிநாட்டில் தன் மகனோடு இருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை.

இந்த விஷயத்தில் அங்கேதான் அவள் தம்பி நுழைந்தான். குடும்பத்தில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவன் இல்லை, கூரியர் வண்டி ஓட்டுகிறான். ஆனால் எதற்கும் அவனிடம் ஒரு வழி இருக்கும். நேற்றுச் சாயங்காலம் ஒரு உறையைக் கொண்டுவந்து அக்காவின் கைப்பைக்குள் வைத்தான். அவர்கள் அந்த வீட்டில் எட்டு மாதமாகக் குடியிருப்பதாகத் தெருவிலிருந்த மளிகைக் கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம்.

"இது பொய்டா," என்றாள்.

"பொய் எங்க இருக்கு? நீங்க அந்த வீட்டுல இருக்கறது உண்மைதானே. தேதி மட்டும் கொஞ்சம் முன்னாடி போயிருக்கு."

"வேண்டாம்டா."

"சும்மா பையில கிடக்கட்டும்கா. குடை மாதிரி. மழை வந்தா விரி, வராட்டி மூடி வை."

அவள் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கெட்ட எண்ணத்தால் அல்ல. பயந்தவர்களுக்கு எந்தக் கயிறும் கயிறாகத்தான் தெரியும், அது எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது. ஆனால் இன்று காலை விளக்கின் முன் நின்றபோது அவளால் வேண்டுதலை முடிக்க முடியவில்லை. பாதியில் கைப்பை நினைவுக்கு வந்தது. மீதியை மிளகுதான் சொல்லி முடித்தாள். அம்மாவை, அப்பாவை, மாமாவைப் பார்த்துக்கோ என்று வரிசையாகச் சொல்லி, வழக்கம்போலக் கடைசியில், "மழைக்காரரையும் பார்த்துக்கோ சாமி," என்றாள்.

மழைக்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது. பெயின்ட் வேலை நடந்த நாட்களில் ஒரு சாயங்காலம், மிளகு, வீட்டுக்குள் ஷூ கூடாது என்ற அப்பாவின் சட்டப்படி முன்வாசல் படியில் ஷூவைக் கழற்றிவிட்டு, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, அப்பா அம்மாவோடு வார்னிஷ் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஷூ போச்சு என்று வழியெல்லாம் அழுதாள். திரும்பி வந்து பார்த்தால், படியில் கிடந்த ஷூக்கள் சன்ஷேடுக்குக் கீழே, சுவரோரம், தண்ணீர் வடிவதற்காகக் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. இரண்டு பக்கத்து வீடுகளிலும் கேட்டுப் பார்த்தார்கள். நாங்கள் இல்லை என்றார்கள். புது இடத்தில் யாரைக் கண்டாலும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த மிளகுக்கு அன்று ஒரு தைரியம் வந்தது. இந்தத் தெருவில் தன் ஷூவைப் பற்றிக் கவலைப்படுகிற ஒருவர் இருக்கிறார். அன்றிலிருந்து எங்கே ஷூவைக் கழற்றினாலும் அவள் கவிழ்த்துத்தான் வைப்பாள்.

கதவு திறந்தது. அவர்களுக்கு முன்னால் போன பெண் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. தன் பாட்டுக்குப் போய்விடாமல் ஒரு நொடி நின்று, "மேஜை மேல தண்ணி இருக்கு. அவங்களா கேட்க மாட்டாங்க, நீங்களே எடுத்துக் குடிச்சுக்குங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அறைக்குள் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். அவர்தான் தலைவர். அவருக்கு வலப்பக்கம் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர், இடப்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண். மேஜையின் ஓரத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டு, மெலிந்த வயதான மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் அடித்தும் அவர் நாற்காலிக் கையில் ஒரு குடை தொங்கியது. முகவரிகளை நேரில் போய்ப் பார்க்கும் அலுவலர் அவர்தான் என்று தலைவர் சொன்னார். அவளுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் எழுதிய ஒரு வரிதான் மிளகை அந்தச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தியது.

தலைவர் பேசும் முன் கண்ணாடிக்காரர் பேசினார். இங்கே கொடுக்கும் தாள் ஏதாவது பொய் என்று தெரிந்தால் மேல்முறையீடு அந்த நிமிஷமே முடிந்துவிடும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் கைப்பையை மடியிலிருந்து கீழே வைத்தாள். பிறகு அது தெரியுமோ என்று பயந்து மறுபடி மடியில் வைத்தாள்.

பெயின்டர் எழுந்து நின்று சொன்னார். திரை கழற்றியது, சாமான் குவித்தது, தகடு டப்பாவில் இருந்தது, எல்லாம். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் அந்த மேஜைக்கு முன்னால் கேட்டபோது அவளுக்கே அது ராத்திரி உட்கார்ந்து ஜோடித்த கதை போல இருந்தது.

"பெயின்டர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மூணு வாரமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"எங்க வீட்டு வேலைக்கு எனக்கு நானே கூலி தர மாட்டேனே. அதான் பெயின்டர் சீக்கிரம் வரலை."

எழுதிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அந்தத் தகட்டை எப்போது கழற்றினீர்கள் என்பதற்கு இந்த அறையில் யார் சாட்சி என்று கேட்டார். பெயின்டர் உட்கார்ந்தார்.

அவள் எழுந்து போய்க் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

தலைவர் அலுவலரின் அறிக்கையைப் படிக்கச் சொன்னார். அந்த மனிதர் தாளைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் படித்தார். தேதி. மாலை நாலேகால். மழை. கதவில் எண் இல்லை. பக்கத்து வீட்டு எண்களை வைத்து அடையாளம் காணப்பட்டது. இரண்டு முறை தட்டியும் பதில் இல்லை. ஜன்னல்களில் திரை இல்லை. உள்ளே சாமான்கள் துணியால் மூடப்பட்டுள்ளன. ஆள் குடியிருக்கும் அறிகுறி இல்லை.

தேதியைக் கேட்டபோது அவள் ஒன்றும் நினைக்கவில்லை. மழை என்றபோது நிமிர்ந்தாள். கடிதத்தில் அதெல்லாம் இல்லை. அந்த மூன்று வாரத்தில் மழை பெய்தது ஒரே ஒரு நாள்தான்.

"வேறு ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களாம்மா?" என்று தலைவர் கேட்டார். "ஏதாவது ஒரு தாள். எதுவா இருந்தாலும்."

அவர் கடுமையாகக் கேட்கவில்லை. இருந்தால் நன்றாக இருக்குமே என்ற குரலில்தான் கேட்டார். அதனாலேயே அவள் கை பையின் விளிம்புக்குப் போனது. உறையின் முனை விரலில் பட்டது. கணவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எடுக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கண்ணுக்குள் லாரிகள் கடந்தன, அவற்றுக்கு நடுவில் சிவப்பு ஷூக்கள் தெரிந்தன, மறைந்தன, தெரிந்தன.

அவள் பையை மூடினாள்.

"தாள் இல்லைங்க," என்றாள். "அவர்கிட்ட ஒண்ணு கேட்கலாமா?"

கேட்கலாம் என்றார் தலைவர்.

அவள் குடை வைத்திருந்த மனிதரைப் பார்த்தாள். கேட்பதற்கு முன்பே இதில் எத்தனை ஆபத்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆமாம் என்றால், தான் கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் தானே குறை சொல்வதாகும். யார்தான் மேலதிகாரிகள் முன்னால் அப்படிச் செய்வார்கள். போதாததற்கு, மழைக்காரர் இவர்தானா என்றே நிச்சயம் இல்லை.

"ஐயா, அன்னிக்கு எங்க வாசப்படியில ஏதாவது கிடந்ததா?"

கண்ணாடிக்காரர், எதைச் சொல்கிறீர்கள், தெளிவாகச் சொல்லுங்கள் என்றார். அவள் சொல்ல வாயெடுத்தபோது தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க சொல்லாதீங்க. அவரே யோசிச்சுச் சொல்லட்டும்."

அலுவலர் தாளைப் பார்த்தார். தாளில் இல்லை. குடையின் பிடியைத் தடவினார். அவர் முகத்தில் எதுவுமே மாறவில்லை. அவருக்கு நினைவில்லை என்று அவள் முடிவு செய்தாள். சாமி, அந்த உறையை எடுக்காமல் விட்டேனே, குழந்தையை விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று நினைத்தாள்.

"ஷூ," என்றார் அவர்.

தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"ஒரு ஜோடி சின்ன ஷூ. சிவப்பு. படியில நனைஞ்சுகிட்டு கிடந்தது. நான்தான் எடுத்து ஓரமா வச்சேன்." அவர் இப்போது தலைவரைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துப் பேசினார். "நேரா வச்சா தண்ணி உள்ளேயே நிக்கும். கவுத்து வச்சேன். முன்னாடி விரல் பக்கம் பேப்பர் அடைச்சிருந்தது. காலுக்குப் பெருசுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு மாதமாக ஒரு குழந்தை சாமியிடம் பெயர் தெரியாமல் சிபாரிசு செய்துவந்த ஆளும், இரண்டு மாதமாக அவள் மனதுக்குள் சபித்துவந்த ஆளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணாடிக்காரர் அறிக்கையை வாங்கிப் பார்த்து, இதில் ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றார்.

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைங்க," என்றார் அலுவலர். கொஞ்சம் பொறுத்து, "அப்படிச் சொல்லித் தப்பிச்சுக்கக் கூடாது. கீழே வேறு குறிப்புன்னு ஒரு வரி இருக்கு. காலியா விட்டுட்டேன். இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது, மழை வேற."

"ஒரு ஜோடி ஷூ கிடந்தா குடியிருந்தாங்கன்னு ஆயிடுமா?"

"ஆளில்லாத வீட்டுக்குள்ள யாரும் ஷூவைக் கழட்டிட்டுப் போக மாட்டாங்கய்யா. ஒரு குழந்தைக்கு யாரோ தினமும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் அப்பவே யோசிச்சிருக்கணும். கை யோசிச்சது. பேனா யோசிக்கலை."

தலைவர் குழந்தை எங்கே என்று கேட்டார். வெளியில் இருக்கிறாள் என்றதும், கூப்பிடுங்கள், ஒன்றும் கேட்க மாட்டோம் என்றார்.

பெயின்டர் போய்க் கதவைத் திறந்து கையசைத்தார். மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்த மிளகு வாசலிலேயே நின்றுவிட்டாள். அறை முழுக்கப் பெரியவர்கள். தரை பளபளவென்று இருந்தது. அவள் அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, குனிந்து ஷூவின் வாரைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றி, கவிழ்த்துச் சுவரோரம் வைத்தாள். மற்றதையும் கழற்றி அதன் பக்கத்தில் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து கசங்கிய காகித உருண்டை ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அவசரமாக எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

எழுதிக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். அலுவலர் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடிக்காரர் அந்த ஷூக்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு அறிக்கைத் தாளை அலுவலர் பக்கமாக நகர்த்தி, அந்தக் காலி வரியில் விரலை வைத்து, "இப்ப எழுதுங்க. இன்னிக்குத் தேதி போட்டு எழுதுங்க," என்றார். குரல் முன்போலவேதான் இருந்தது.

முடிவு ஐந்து வேலை நாளில் தபாலில் வரும் என்று தலைவர் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

வெளியே கூடத்தில் அலுவலர் அவர்கள் பின்னாலேயே வந்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். மன்னிப்பாக இருக்கலாம். அவளுக்கு அதைக் கேட்க வேண்டும் போல இல்லை. அவள் மிளகை முன்னால் விட்டு, "இவர்தாண்டி உன் மழைக்காரர்," என்றாள்.

மிளகு குடையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நம்புவதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஏன் உள்ள கொண்டுபோய் வைக்கலை?"

"கதவு பூட்டியிருந்ததும்மா. தட்டினேன்."

"நாங்க வார்னிஷ் வாங்கப் போயிருந்தோம்," என்றாள் மிளகு, அறிக்கையைத் திருத்துகிறவள் போல.

படி இறங்கும்போது அவள் உறையை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பிரிக்கவே இல்லையாக்கா?"

"மழை வந்ததுடா. வேற ஒருத்தர் குடை பிடிச்சார்."

காத்திருந்த நாட்களில் பயம் போகவில்லை. நல்லது ஒன்று நடந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைக்கிறோம். அது இன்னும் நன்றாகக் கண் விழித்துக்கொள்கிறது, இழக்க ஒரு பொருள் கையில் வந்துவிட்டதல்லவா. மூன்று மணிக்கு வேலையிடத்திலிருந்து ஓடினாள். பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் சாமியைக் கூப்பிட்டாள். ஆனால் வேண்டுதல் இப்போது பாதியில் நிற்கவில்லை. பெயின்டர் இரண்டாம் நாளே கதவில் நம்பர் தகட்டின் திருகாணிகளை மறுபடி இறுக்கினார். தபால்காரர் தவறிக்கூடப் போய்விடக் கூடாது என்று, எண்ணுக்கு மேல் கறுப்பில் ஒரு கோட் புதிதாக அடித்தார்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. கையெல்லாம் பெயின்ட் என்று சாக்குச் சொல்லி, மேஜையில் வைத்துவிட்டு, அவள் வரும்வரை அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து மிளகின் பையைக் கூட இறக்காமல் பிரித்தாள். முதல் வரி நீளமாக இருந்தது. இரண்டாவது வரியில்தான் இருந்தது: இடம் அளிக்கப்படுகிறது. திங்கட்கிழமை முதல்.

அவள் கடிதத்தை மடித்தாள். இரண்டு, பிறகு மூன்று, ஓரம் உள்ளே போகும்படி. மடித்து விளக்கின் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெயின்டர் பெயின்ட் கையோடு அவள் தலையில் கை வைத்தார். வெள்ளை விழுந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை மூவரும் நடந்து போனார்கள். ஆறு நிமிஷம் என்றது சரியில்லை. மிளகு வழியில் ஒரு பூனையிடம் பேசியதால் எட்டு நிமிஷம் ஆனது. பள்ளி வாசலுக்கு முன்னால் ஒரு சின்னத் தெரு. அந்த நேரத்தில் அதில் ஒரு சைக்கிள்கூட இல்லை. மிளகு தெரு ஓரத்தில் நின்றாள்.

"இங்க லாரி வராதேம்மா. இங்கயும் ரெண்டு பக்கமும் பார்க்கணுமா?"

"பாரு," என்றாள் அம்மா.

மிளகு இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். மறுபடி இடப்பக்கம் பார்த்தாள். அம்மாவும் கூடவே பார்த்தாள். பிறகு மிளகின் கையை விட்டாள்.